நாற்பது மணித்தியாலமும் ஒரு கையெழுத்தும்

வைகாசி பிறந்தால் ஒன்ராறியோவில் தமிழ்ச் சங்கம், கோயில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி என்று எதையாவது நடத்துகிறவர்களின் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. அழைப்பது பெரும்பாலும் 12ஆம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகளின் அம்மாமார். "அண்ணை, மகனுக்கு இன்னும் 25 மணித்தியாலம் குறையுதாம். ஸ்கூலாலை எடுத்துச் சொல்லிப்போட்டினம். உங்கடை இடத்திலை ஏதும் போட்டுத் தரலாமோ?"

"வந்து செய்யலாமோ" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் "போட்டுத் தரலாமோ" என்று கேட்பவர்கள்தான் கூட. செய்வதற்கும் போடுவதற்கும் இடையில் கிடக்கிற தூரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் ஸ்காபரோவில் சில நண்பர்களோடு சேர்ந்து கிழமைக்கு ஒருநாள் முதியோர் ஒன்றுகூடல் ஒன்றை நடத்தி வருகிறேன். பெரிய அமைப்பு ஒன்றுமில்லை. ஒரு மண்டபம், தேத்தண்ணீர், கொஞ்சம் உடற்பயிற்சி, கொஞ்சம் கதை. அங்கே தொண்டு செய்ய வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படிவத்தில் கையெழுத்து வைப்பது என் வேலை. அதனால் இந்த 40 மணித்தியாலக் கதையின் நல்லதும் கெட்டதும் என் மேசைக்கு வந்துதான் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பல வீடுகளில் இது இன்னும் சரியாகத் தெரியாமல் இருக்கிறது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்ராறியோவில் ஹைஸ்கூல் டிப்ளோமா எடுக்க 30 கிரெடிட் வேண்டும். எழுத்தறிவுத் தேர்வில் சித்தியடைய வேண்டும். அண்மைக் காலத்தில் இணையவழிப் பாடமும் சேர்ந்திருக்கிறது. இவற்றோடு 40 மணித்தியாலம் சமூகத் தொண்டும் செய்திருக்க வேண்டும். கணக்கில் 95 புள்ளி எடுக்கிற பிள்ளையாக இருந்தாலும் இந்த 40 இல்லாவிட்டால் டிப்ளோமா இல்லை.

இது 1999இல் 9ஆம் வகுப்புக்குள் வந்த பிள்ளைகளோடு தொடங்கியது. மைக் ஹாரிஸ் மாகாண முதல்வராக இருந்த காலம். ஐந்து வருட ஹைஸ்கூலை நான்கு வருடமாகக் குறைத்த அதே மாற்றத்தோடுதான் இதுவும் வந்தது. 2003இல் பழைய முறைப் பிள்ளைகளும் புதிய முறைப் பிள்ளைகளும் ஒரே வருடத்தில் வெளியேறிப் பல்கலைக்கழக இடத்துக்கு அடிபட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். கொரோனாக் காலத்தில் இந்த மணித்தியாலத்தைத் தற்காலிகமாகக் குறைத்தார்கள். பிறகு திரும்பவும் 40 ஆக்கிவிட்டார்கள்.

8ஆம் வகுப்பு முடிந்து 9ஆம் வகுப்புக்குப் போக முன்னம் வருகிற கோடை விடுமுறையிலேயே பிள்ளை இதைத் தொடங்கலாம். அதாவது நான்கு வருடத்துக்கு மேலே நேரம் இருக்கிறது. வருடத்துக்குப் பத்து மணித்தியாலம். மாதத்துக்குப் பிரித்தால் ஒரு மணித்தியாலம் கூட வராது. இவ்வளவு சின்னக் கணக்கு எப்படிக் கடைசி மாதத்தில் மலையாகிறது என்பதுதான் எனக்கு இன்னும் அதிசயம்.

எதைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள் என்பதையும் மாகாணம் எழுதி வைத்திருக்கிறது. வகுப்பு நேரத்தில் செய்வது சேராது. மதிய இடைவேளையில் செய்யலாம். ஒரு பாடத்துக்காகச் செய்கிற வேலை சேராது. சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்கிற வேலையைச் சும்மா செய்து கொடுப்பதும் சேராது. வாகனம் ஓட்டுவது, மின்கருவி பாவிப்பது, சாரத்தில் ஏறுவது, மற்றவர்களுக்கு மருந்து கொடுப்பது, நகை போன்ற பெறுமதியான பொருட்களைக் கையாள்வது எல்லாம் விலக்கு. வீட்டில் வழமையாகச் செய்கிற வேலையும் விலக்கு. நீதிமன்றம் கட்டளையிட்ட சேவையும் விலக்கு.

இதிலே எங்கள் ஆட்கள் அதிகமாகச் சறுக்குகிற இடம் எது தெரியுமா? சொந்தக்காரரின் கடை. மாமாவின் பலசரக்குக் கடையில் மரக்கறி அடுக்கினால் அது தொண்டு இல்லை. அந்த வேலைக்கு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சித்தியின் டேகேயரில் பிள்ளை பார்த்தாலும் அதே கதைதான். எந்த வேலை சேரும் என்று ஒவ்வொரு கல்விச்சபையும் ஒரு பட்டியல் வைத்திருக்கும். பட்டியலில் இல்லாத வேலையென்றால் செய்ய முன்னம் அதிபரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். செய்து முடித்துவிட்டுப் போய்க் கேட்டால், "முதலே கேட்டிருக்க வேண்டும்" என்பார்கள். அதற்குப் பிறகு அழுது பிரயோசனம் இல்லை.

எங்கள் பிள்ளைகள் எங்கே செய்கிறார்கள்?

கோயிலில் அன்னதானம் பரிமாறுகிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள், திருவிழா நாளில் வாகனத் தரிப்பிடத்தில் வழி காட்டுகிறார்கள். தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்பு ஆசிரியைக்கு உதவுகிறார்கள். பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசன விருந்தில் கதிரை போடுகிறார்கள், நுழைவுச்சீட்டுக் கிழிக்கிறார்கள். கோடையில் ஊர்ச் சங்கங்களின் விளையாட்டுப் போட்டியில் தண்ணீர்ப் போத்தல் கொடுக்கிறார்கள். தை மாதம் மரபுத் திங்கள் நிகழ்ச்சிகளில் மேடைக்குப் பின்னால் ஓடித் திரிகிறார்கள்.

எங்கள் சமூகத்துக்கு வெளியேயும் நிறைய இடம் இருக்கிறது. பொது நூலகங்களில் சின்னப் பிள்ளைகளோடு இருந்து வாசிக்கப் பழக்குகிற வேலை, உணவு வங்கியில் தகரப் பேணிகளைத் திகதி பார்த்துப் பிரிக்கிற வேலை, முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிற வேலை. என் கணக்கில் ஒரு தமிழ்ப் பிள்ளை 40இல் பாதியையாவது இப்படிப்பட்ட இடத்தில் செய்ய வேண்டும். வேறு மொழி பேசுகிற ஒருவருக்குக் கீழே வேலை செய்து, நேரத்துக்குப் போய், பிழை விட்டால் திருத்து வாங்கி வருவது நல்ல பாடம். சொந்தச் சங்கத்தில் எல்லாரும் அங்கிள், அன்ரி. அங்கே பிந்திப் போனாலும் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

மற்றப் பாதியை எங்கள் இடங்களில் செய்வது நல்லது என்பதும் என் கருத்து. அது வெறும் பாசத்தினால் சொல்வது இல்லை. எங்கள் கோயில்களிலும் சங்கங்களிலும் இன்றைக்கு ஓடித் திரிகிறவர்களின் தலையைப் பாருங்கள். முக்கால்வாசி நரை. அடுத்த 15 வருடத்தில் இதை எல்லாம் ஆர் நடத்தப் போகினம்? உள்ளே வந்து கதிரை போட்ட பிள்ளைக்குத்தான் நாளைக்கு அந்த மண்டபம் தன்னுடையது என்ற எண்ணம் வரும்.

ஆனால் நாங்கள் அந்தப் பிள்ளைகளை எப்படி நடத்துகிறோம்? ஒரு விருந்து நிகழ்ச்சியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எட்டுப் பத்துப் பிள்ளைகள் பின்னேரம் நாலு மணிக்கே வந்துவிட்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சுவரோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடைக்கிடை ஒருவர் வந்து, "தம்பி, அந்த மேசையை இஞ்சாலை இழு" என்பார். பேச்சுகள் முடிந்து, நன்றியுரையில் மண்டபக்காரர், ஒலியமைப்பாளர், சமையல்காரர் எல்லாருக்கும் நன்றி சொன்னார்கள். பிள்ளைகளின் பேச்சே இல்லை. இரவு பதினொன்றுக்குப் பொறுப்பாளர் ஒருவர் எல்லாருடைய படிவத்திலும் "15 மணித்தியாலம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். நின்றது ஏழு. அவருக்கு அது தாராள மனசு. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு கையெழுத்துத்தானே?

"அண்ணை, ஒரு கையெழுத்துத்தானே. ஆருக்கு என்ன நட்டம்?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு தகப்பன் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். அவருடைய மகள் நல்ல கெட்டிக்காரி. மருத்துவத் துறைக்குப் போக வேண்டும் என்று நாலு பாடத்துக்கு டியூசன். நேரம் இல்லை. "அவள் படிக்கிற நேரத்திலை இஞ்சை வந்து கிழவியளுக்குத் தேத்தண்ணி ஊத்தவேணுமே?" என்றார்.

நான் கையெழுத்து வைக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மிச்ச நாளுக்குள் எத்தனை மணித்தியாலம் முடியுமோ அத்தனையும் செய்யட்டும், ஒரு நிமிசம் குறைக்காமல் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அவர் வேறு இடத்துக்குப் போய் வாங்கிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்களுக்குள்ளே இப்படி வாங்குவது கஷ்டமில்லை.

நட்டம் யாருக்கு என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னுடைய பதில் இது. முதல் நட்டம் அந்தப் பிள்ளைக்கு. அந்தப் படிவத்தில் மூன்று கையெழுத்து இருக்கும்: பொறுப்பாளர், பெற்றோர், பிள்ளை. 17 வயதுப் பிள்ளை தன் வாழ்க்கையில் முதன்முதல் கையெழுத்து வைக்கிற அரச சம்பந்தமான பத்திரங்களில் இது ஒன்று. அதிலே பொய்யை எழுதி, தாயும் தகப்பனும் பக்கத்தில் கையெழுத்து வைத்து, சங்கத்துப் பெரியவரும் கையெழுத்து வைத்தால், அந்தப் பிள்ளை என்ன படிக்கும்? பொய் சொல்லாதே என்று நாங்கள் பதினேழு வருடம் சொன்னது அந்த ஒரு பக்கத்தில் அழிந்துபோகும். நாளைக்கு அதே பிள்ளை பல்கலைக்கழகத்தில் யாரோ எழுதிய கட்டுரையைத் தன்னுடையது என்று கொடுத்தால் ஏன் அதிர்ச்சியடைகிறோம்?

இரண்டாவது நட்டம் உண்மையாகச் செய்த பிள்ளைக்கு. பனிக்குள்ளே இரண்டு பஸ் மாறி வந்து 40 மணித்தியாலம் செய்த பிள்ளைக்கும், வீட்டில் இருந்துகொண்டு 40 எழுதுவித்த பிள்ளைக்கும் ஒரே டிப்ளோமா. செய்த பிள்ளை இதை அறியாமல் இருக்காது. "அங்கிள், நான்தான் லூசு" என்று ஒரு பெடியன் எனக்குச் சொன்னான். பகிடியாகத்தான் சொன்னான்.

மூன்றாவது நட்டம் எங்கள் அமைப்புகளுக்கு. பாடசாலை நினைத்தால் படிவத்தில் இருக்கிற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரிக்கலாம். ஒரு சங்கத்தின் கையெழுத்தில் ஒருமுறை சந்தேகம் வந்தால், அடுத்த வருடம் அங்கே ஒழுங்காகச் செய்கிற பிள்ளையின் படிவத்தையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

நேரம் இல்லாத பிள்ளைகள்

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. எல்லாப் பிள்ளைக்கும் நேரம் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

அகதியாக வந்து மூன்று வருடமான குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். தாய் இரவு வேலை. தகப்பன் இல்லை. 16 வயது மகன் பள்ளிக்கூடம் விட்டதும் தம்பி தங்கச்சியைக் கூட்டி வந்து சாப்பாடு கொடுத்துவிட்டு, ஐந்து மணிக்குக் கோப்பிக் கடையில் வேலைக்குப் போவான். அவன் செய்வது எல்லாம் தொண்டுதான். ஆனால் ஒன்றும் கணக்கில் வராது. தம்பியைப் பார்ப்பது வீட்டு வேலை. கடையில் செய்வது சம்பள வேலை. அம்மம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்த்தாலும் அது குடும்பக் கடமை. வசதியான வீட்டுப் பிள்ளையை அப்பா காரில் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் இறக்கி, இரண்டு மணித்தியாலத்தில் வந்து ஏற்றுகிறார். அவன் வேறு ஒரு அம்மம்மாவோடு இருந்து கதைத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் எழுதிக்கொள்கிறான். இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனாலும் இப்படியான பிள்ளைகளுக்கும் நான் பொய்க் கையெழுத்து வைப்பதில்லை. வேறு வழி இருக்கிறது. ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே செய்யலாம். மதிய இடைவேளையில் நூலகத்தில் உதவுவது, பெற்றோர் சந்திப்பு இரவில் வருகிற தமிழ்த் தாய்தகப்பனுக்கு மொழிபெயர்ப்பது, புதிதாக வந்த பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது. இதற்குப் பஸ் காசு தேவையில்லை. இரண்டு, கைடன்ஸ் கவுன்சலரிடம் போய் வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் இதற்கு வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். மூன்று, வெளிநாட்டிலிருந்து 11ஆம், 12ஆம் வகுப்பில் வந்து சேர்ந்த பிள்ளையென்றால் முழு 40உம் தேவையா என்று அதிபரிடம் கேளுங்கள். அதைத் தீர்மானிக்கிற பொறுப்பு அவருக்கு இருக்கிறது. நாங்கள் அறியாமல் பயந்துகொண்டிருப்பதை விட ஒரு தரம் கேட்பது நல்லது.

நான் மேலே சொன்ன அந்தப் பெடியன் அவனுடைய அடுக்குமாடிக் கட்டடத்திலேயே செய்து முடித்தான். அங்கே தனியாக இருக்கிற மூன்று தமிழ் முதியவர்களுக்குக் கடிதம் வாசித்துச் சொல்வது, மருத்துவ நேரத்துக்குத் தொலைபேசி எடுப்பது, பனிக்காலத்தில் சாமான் வாங்கி வந்து கொடுப்பது. அதிபரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டான். எங்கள் ஒன்றுகூடல் மேற்பார்வை பார்த்தது. ஒன்பது மாதம் எடுத்தது. ஒரு மணித்தியாலமும் பொய் இல்லை.

பல்கலைக்கழகமும் பட்டியலும்

இன்னொரு வகைப் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு 40 போதாது. 200 வேண்டும். பரதநாட்டியம், மிருதங்கம், கராத்தே, நீச்சல், விவாதக் கழகம், ரோபோக் கழகம், பிறகு தொண்டு. எல்லாம் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு.

இதிலே நியாயம் இல்லாமல் இல்லை. வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு விண்ணப்பிக்கும்போது புள்ளிக்கு மேலே ஒரு தனிப் படிவம் நிரப்ப வேண்டும். வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்று அதில் கேட்பார்கள். வெஸ்டேர்னில் ஐவி வணிகப் பள்ளிக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கும்போதும் அதைப் பார்ப்பார்கள். மக்மாஸ்டரில் சுகாதார விஞ்ஞானத்துக்கும் புள்ளி மட்டும் போதாது. லோரன் புலமைப்பரிசில் கொடுப்பவர்கள் குணம், சேவை, தலைமைத்துவம் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். டிடி வங்கி சமூகத் தலைமைத்துவத்துக்கென்றே ஒரு புலமைப்பரிசில் வைத்திருக்கிறது.

ஆனால் அவர்கள் கேட்பது பட்டியலின் நீளத்தை இல்லை. ஒரு இடத்தில் எவ்வளவு காலம் நின்றாய், அங்கே எதை மாற்றினாய், அதிலே நீ என்ன படித்தாய் என்றுதான் கேட்கிறார்கள். பன்னிரண்டு இடத்தில் மூன்று மூன்று மணித்தியாலம் நின்ற பிள்ளைக்கு இந்தக் கேள்விக்கு எழுத ஒன்றும் இருக்காது. ஒரே தமிழ்ப் பள்ளியில் இரண்டு வருடம் சின்ன வகுப்போடு இருந்த பிள்ளைக்குச் சொல்ல நூறு கதை இருக்கும். அதிலே ஒரு கதை போதும்.

இன்னொன்று. நடன அரங்கேற்றமும் மிருதங்க வகுப்பும் நல்ல விசயம். விண்ணப்பத்தில் பெருமையாக எழுதலாம். ஆனால் அவை தன்னுடைய கலை, தன்னுடைய பயிற்சி. 40க்குள் வராது. முதியோர் இல்லத்தில் போய் இலவசமாக ஆடிக் காட்டினால் அது தொண்டாகலாம். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

கட்டாயத் தொண்டு என்று ஒன்று உண்டா?

கட்டாயப்படுத்திச் செய்விப்பது எப்படித் தொண்டாகும் என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. எங்கள் மரபில் தொண்டு என்றால் உழவாரப்படையைக் கையில் எடுத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கிய அப்பர்தான் ஞாபகம் வருவார். அவரிடம் ஒருவரும் படிவம் கேட்கவில்லை. ஊரில் சிரமதானம் என்று கூப்பிட்டால் மண்வெட்டியோடு போனவர்களும் மணித்தியாலம் எண்ணவில்லை.

உண்மை. ஆனால் ஊரில் கட்டாயம் இல்லாமல் இருந்ததா? கலியாண வீட்டுக்குப் போய்ப் பந்தல் போடாமல், செத்த வீட்டில் நின்று காரியம் பார்க்காமல் இருந்தால் அடுத்த நாள் சந்தியில் கதைப்பார்கள். அதுவும் ஒரு கட்டாயம்தான். எழுதி வைக்காத கட்டாயம். இங்கே அந்தச் சந்தியும் இல்லை, கதைக்கிற ஆட்களும் இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போய் வந்து அறைக் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்றே தெரியாது. அரசாங்கம் செய்திருப்பது அந்தக் கதவில் ஒருதரம் தட்டுவதுதான்.

தட்டினால் பலன் இருக்கிறதா? வில்பிரட் லோறியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத் தேடிப் பார்த்தார்கள். 2003இல் வெளியேறிய இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு 40 கட்டாயம், மற்றக் கூட்டத்துக்கு இல்லை. கட்டாயம் என்பதால் மட்டும் பிற்காலத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் கட்டாயப்படுத்தியதால் பிள்ளைகள் தொண்டை வெறுத்துவிட்டார்கள் என்றும் இல்லை. கிடைத்த அனுபவம் நல்லதாகவும் தொடர்ச்சியாகவும் இருந்தவர்கள்தான் பிறகும் சமூகத்தில் ஈடுபட்டார்கள். என் மேசையில் இருந்து பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது.

மற்ற நாடுகளிலும் இது நடக்கிறது. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலம் 1992இலேயே இதைக் கட்டாயமாக்கியது. அங்கே 75 மணித்தியாலம். பிரித்தானியாவில் உள்ள எங்கள் பிள்ளைகள் எடின்பரோ கோமகன் விருதுக்காக வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படியில் தொண்டு செய்கிறார்கள். அது கட்டாயம் இல்லை. ஐபி டிப்ளோமா படிக்கிற பிள்ளைகளுக்குப் படைப்பாற்றல், உடற்செயல், சேவை என்று மூன்றும் சேர்ந்து பதினெட்டு மாதம். அங்கே மணித்தியாலம் எண்ணுவதைக் கைவிட்டு, செய்ததைப் பற்றி யோசித்து எழுதச் சொல்கிறார்கள். ஒன்ராறியோவும் அந்தப் பக்கம் திரும்பினால் நல்லது. ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று வந்தால், செய்யாத பிள்ளையால் எழுத முடியாது.

சங்கங்கள் என்ன செய்யலாம்?

எங்கள் ஒன்றுகூடலில் சில வழக்கங்கள் வைத்திருக்கிறோம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. மற்றவர்களும் பார்க்கட்டும் என்று எழுதுகிறேன்.

பிள்ளை வந்ததும் ஒரு கொப்பியில் வந்த நேரம் எழுத வேண்டும், போகும்போது போன நேரம் எழுத வேண்டும். அதற்கு மேலே ஒரு நிமிசமும் இல்லை, கீழேயும் இல்லை. வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயருள்ள வேலை கொடுப்போம். "சும்மா நில்லும், தேவையெண்டால் கூப்பிடுறன்" என்பது கிடையாது. முடியுமானவரை ஒரு பிள்ளைக்கு ஒரு முதியவர். அன்றைக்கு என்ன செய்தாய் என்று கடைசியில் ஐந்து நிமிசம் கேட்போம். நன்றி சொல்லாமல் அனுப்புவதில்லை.

இப்படி வந்த ஒரு பெட்டைக்குத் தமிழ் விளங்கும், கதைக்க வராது. அவளை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குக் கைபேசி பழக்க விட்டோம். ஊரில் இருக்கிற தங்கச்சியோடு முகம் பார்த்துக் கதைக்க வேண்டும் என்பது ரீச்சரின் ஆசை. ரீச்சருக்கு ஆங்கிலம் வடிவாய் வரும். ஆனால் அவளோடு ஒரு சொல்லும் ஆங்கிலத்தில் கதைக்கமாட்டா. "எனக்கு விளங்கேல்லை பிள்ளை, தமிழிலை சொல்லும்" என்று விடுவா. மூன்றாம் மாதம் ரீச்சர் தங்கச்சியோடு கதைத்தா. அந்தப் பெட்டையும் பக்கத்தில் இருந்து தட்டுத்தடுமாறித் தமிழில் சுகம் விசாரித்தாள். அவளுடைய 40 எப்பவோ முடிந்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்குப் போகிற வரைக்கும் வந்தாள்.

எல்லாரும் அப்படி வரமாட்டார்கள். 40 முடிந்த அன்றே கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் கூட. அதிலே எனக்கு மனவருத்தம் இல்லை. சொன்னதைச் செய்தார்கள், செய்ததை எழுதினோம். கணக்குச் சரி.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: நிற்காத மணித்தியாலத்துக்கு இந்தச் சங்கத்தில் கையெழுத்து இல்லை. எல்லாச் சங்கமும் போட்டால், "அங்கை தருகினம், நீங்கள் மட்டும் ஏன் தரமாட்டியள்" என்ற கேள்வி தானாக நின்றுவிடும். கூடவே, வருகிற பிள்ளைக்கு உருப்படியான வேலை கொடுக்க ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள். இரண்டாவது இல்லாமல் முதலாவது நிற்காது.

பெற்றோருக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் இந்த வருடம் 8ஆம் வகுப்பு முடிக்கிற பிள்ளை இருந்தால், ஆனி மாதம் பள்ளிக்கூடம் பூட்டியதும் கல்விச்சபையின் இணையத்தளத்தில் படிவத்தை எடுத்துப் பட்டியலைப் பிள்ளையோடு இருந்து வாசியுங்கள். எங்கே போகலாம் என்று பிள்ளையையே தெரிவுசெய்ய விடுங்கள். அந்தக் கோடையில் பத்து மணித்தியாலம் முடிந்தால் மிச்சம் முப்பதுக்கு நான்கு வருடம் இருக்கிறது. வைகாசி மாதத்தில் நீங்கள் எனக்குத் தொலைபேசி எடுக்கவும் தேவையில்லை, நான் இல்லையென்று சொல்லவும் தேவையில்லை.